வீட்டுக்குள் இறங்கிய மழை

அத்தியாயம் 9

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். ஜலாலுதீன் இரண்டையும் ஒரே வருஷத்தில் பார்க்கத் துணிந்தவர்.

கட்டினார் என்பது கொஞ்சம் மிகைதான். கட்டியவர் யாரோ ஒரு பழைய காலத்துச் சீன வியாபாரி. சிங்கப்பூரின் ஓவன் ரோட்டுக்குப் பக்கத்தில், பூங்காவைப் பார்த்தபடி தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று அது. கீழ்த்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை. மேலே இருந்த இரண்டு தளங்களும் ஜலாலுதீனின் துணிக்கடைக்கு ஸ்டோராகக் கிடந்தன. கடையை மூடிய பிறகு, மகளுக்காக அதைக் குடியிருக்கும் வீடாக மாற்றத் தொடங்கியவர், போன வாரம்தான் கடைசி ஜன்னலுக்குப் பச்சைச் சாயம் பூசி முடித்தார்.

மகள் நஸீஹாவுக்கு நிக்காஹ் நாள் குறித்தாயிற்று. மாப்பிள்ளை அர்ஃபான், புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். மாப்பிள்ளை கொடுக்கும் மஹர் பேசியாயிற்று, மண்டபம் பேசியாயிற்று, பிரியாணிக்கு ஆடா கோழியா என்பதைக் கூட்டம் கூட்டிப் பேசியாயிற்று. அத்தனை பேச்சும் அர்ஃபானின் தகப்பனாருக்கு அண்ணனான பெரியத்தா வீட்டில் நடந்ததால், இவர்கள் வீட்டை அவர்களோ அவர்கள் வீட்டை இவர்களோ இன்னும் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் பேசியவர்கள் ஒன்றை மட்டும் பேசவில்லை. அதைப் பேச வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளையின் தாயார் சாயிரா பானு மகனோடு வீடு பார்க்க வருகிறார்.

"வாப்பா, அந்தக் கதவுக் கைப்பிடிங்களக் காலையிலேர்ந்து தொடைக்கிறீங்க. பித்தளை தேஞ்சிடும் லா!" என்றாள் நஸீஹா.

"தேயட்டும். சம்மந்தியம்மா கண்ணு பொல்லாத கண்ணு. அன்னிக்கு அவங்க புருஷனோட சொந்த அண்ணன் வீட்டுப் பிரியாணியிலயே ஏலக்காய் ஜாஸ்தின்னு சொன்னவங்க."

அது உண்மை. சாயிரா பானு பல வருஷம் தொடக்கப்பள்ளிக் கேண்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் கடை போட்டவர். கணவர் முகமது இஸ்மாயில் மௌத்தான பிறகு அந்த ஒரு கடையை வைத்தே மகனைப் படிக்க வைத்தவர். குறை கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சிங்க்கின் மூலையைத்தான் பார்ப்பார்.

நஸீஹாவின் உம்மா சம்சுன்னிசா அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுத்தார். "சாவித் தட்டு எங்கங்க?"

"ஹால்ல வெச்சிருக்கேன்."

வெள்ளித் தட்டில் ஒரு சாவி, பச்சை ரிப்பன் கட்டிப் படுத்திருந்தது. காயல்பட்டினத்தார் வழக்கப்படி மகளுக்கு வீடு கொடுப்பது தகப்பன் கடமை. நிக்காஹ் முடிந்ததும் பெண் எங்கேயும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். ஜலாலுதீனே அப்படிப் போனவர்தான். சிங்கப்பூரில் எத்தனை பேர் அதைக் கடைப்பிடிக்கிறார்கள் என்றெல்லாம் அவர் கணக்குப் பார்க்கவில்லை. மகள் பிறந்த அன்றே மனசுக்குள் ஒரு வீட்டுக்குக் கல் ஊன்றிவிட்டார். வந்ததும் மாப்பிள்ளை கையில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் திட்டம்.

அதே நேரத்தில் செங்காங்கிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலில், மடியில் கடல்பாசி இனிப்பு டப்பாவை வைத்துக்கொண்டு சாயிரா பானு மகனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அலமாரி வியாழக்கிழமை வருதாம். பெரிய ரூமுக்கு ரெண்டாம் கோட் பெயின்ட்டும் அடிச்சாச்சு. நான் சின்ன ரூமுக்கு மாறிட்டேன்."

"எதுக்கும்மா? பெரிய ரூம் நீங்களே வெச்சுக்கலாம்ல?"

"மருமக வர்ற வீடுடா. அது கண்ணுக்கு முதல்ல அந்த ரூம்தான் நல்லா தெரியணும்." அவர் டப்பாவை அணைத்துக்கொண்டார். "ஆமா, பொண்ணு வீட்டுல இப்ப நாம பாக்கப் போற வீட்டுக்கு இவ்ளோ செலவு பண்ணியிருக்காங்களே, என்ன பண்ணப் போறாங்க?"

"வாடகைக்கு விடுவாங்கன்னு நெனைக்கிறேன். வீடு ரெடி ஆகுதுன்னு நஸீஹா சொன்னா. யாருக்குன்னு நான் கேக்கல."

கேள்வியை ஒழுங்காகப் படிக்காமல் விடை எழுதினால் பூஜ்யம் என்று வகுப்பில் பிள்ளைகளை மிரட்டுகிற வாத்தியார்தான் இவர். என்னத்தைச் சொல்ல!

அவர்கள் வந்து சேர்ந்தபோது பூங்கா மரங்களுக்கு மேல் மேகம் கறுத்திருந்தது. கடை வாசலின் ஐந்தடி நடைபாதையில் ஏறுமுன் சாயிரா பானு நின்று அண்ணாந்து பார்த்தார். ஜன்னல்களுக்கு மேலே சுதையில் பூமாலைகள். பச்சைச் சட்டம் போட்ட உயரமான ஜன்னல் கதவுகள்.

"பழைய வீடு. கரையான் இருக்கும்," என்றார் மகனிடம். ஆரம்பித்துவிட்டார் என்று அர்ஃபான் நினைத்துக்கொண்டான்.

படிக்கட்டு குறுகலாக, செங்குத்தாக இருந்தது. ஒவ்வொரு படியிலும் கால் வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டே ஏறினார். கிறீச்சென்று ஒரு சத்தம் வரும், சொல்லிக் காட்டலாம் என்றுதான். செங்கால் என்கிற கெட்டி மரத்துப் படி, முனகவே இல்லை.

மேலே வந்து ஸலாம் சொல்லி முடித்து நிமிர்ந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

அத்தனை உயரமான கூரையை அவர் பள்ளிவாசலில்தான் பார்த்திருக்கிறார். கறுப்பு உத்தரங்கள் வரிசையாக ஓடின. தரையெங்கும் பழைய பூப்போட்ட ஓடுகள். நடுவில் ஒன்றிரண்டு கீறல் விழுந்திருந்தாலும் மாற்றாமல் விட்டிருந்தார்கள். கதவுகளுக்கு மேலிருந்த மர வேலைப்பாட்டின் வழியாக வெளிச்சம் இலை இலையாகத் தரையில் விழுந்திருந்தது. சாயிரா பானு அதை மிதிக்க மனமில்லாமல் ஓரமாக நடந்தார்.

"இது... நீங்க வரைய வெச்சதா?"

சுவரில் ஓரிடத்தில் மட்டும் பெயின்ட் இல்லை. மங்கிய நீலத்தில் கொடிகள் ஏறிக் கிளைவிட்டு, வெடித்த மாதுளம்பழங்களோடு கூரைவரை போயின.

"இல்ல மாமி, ஏற்கெனவே இருந்தது," என்றாள் நஸீஹா. "மேல மேல பெயின்ட் அடிச்சு மூடிட்டாங்க. கொஞ்சம் உரிஞ்ச இடத்துல நீலமா தெரிஞ்சுது. சனி ஞாயிறு வந்து நானே சுரண்டி எடுத்தேன்."

"நீயா?"

"பாலிகிளினிக்ல தினமும் பல்லுல கறை சுரண்டுற கை மாமி. சுவரு பரவால்ல, வாயை மூடிக்காது."

"பறவை, மிருகம்னு உயிருள்ள உருவம் ஏதாவது வந்திருந்தா, மார்க்கத்துல கூடாதுன்னு மறுபடி மூடச் சொல்லியிருப்பேன்," என்றார் ஜலாலுதீன். "அல்லாஹ் காப்பாத்தினான். மாதுளம்பழத்தோட நின்னுடுச்சு."

சாயிரா பானு சிரிக்கவில்லை. ஒரு மாதுளம்பழத்தின் கிட்டே போய் விரலை நீட்டி, தொடாமல் இழுத்துக்கொண்டார். அந்தச் சீனக்காரர் யார், எந்தப் பெண்ணுக்காக இதை வரையச் சொன்னார் என்று நினைத்தபோது அவருக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனையோ பேர் இந்த அறையில் படுத்து எழுந்து போயிருக்கிறார்கள். இத்தனை காலமும் இந்தக் கொடி இருட்டில் ஒளிந்து காத்திருந்திருக்கிறது.

"அடுப்பங்கரையப் பாக்கலையா மச்சி?" என்று சம்சுன்னிசா சம்மந்தியம்மாவைப் பயந்துகொண்டே கூப்பிட்டார். சிங்க்கைப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பே சாயிரா பானுவுக்கு வரவில்லை.

அடுப்பங்கரைக்குப் போகும் வழியில்தான் அது இருந்தது.

வீட்டுக்கு நடுவில் வானம் இருந்தது. நாலு பக்கமும் மரக் கைப்பிடி அடைத்த சதுரம். கீழே எட்டிப் பார்த்தால் கண்ணாடிக் கடையின் கருங்கல் முற்றம், மேலே பார்த்தால் ஓட்டு விளிம்புகளுக்கு நடுவே கறுத்த மேகம்.

"ஏர்வெல் தங்கச்சி," என்றார் ஜலாலுதீன் பெருமையோடு. "முன்னாடி தகரம் போட்டு மூடி வெச்சிருந்தோம், துணி நனைஞ்சிடும்னு. பிரிச்சு எடுத்த அன்னிக்குத்தான் நாங்களே வீட்டப் பாத்தோம்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மழை இறங்கியது.

சிங்கப்பூர் மழைக்குத் தூறல் போட்டுத் தொடங்கும் பழக்கம் கிடையாது. வந்தால் மொத்தமாக வரும். நாலு பக்கத்து ஓடுகளிலிருந்தும் தண்ணீர் சரம் சரமாக இறங்கி, வீட்டின் நடுவில் ஒரு வெள்ளை அறையைக் கட்டியது. கீழே கருங்கல் அதிர்ந்தது. ஈரக்காற்று வந்து எல்லோர் முகத்திலும் தடவிவிட்டுப் போனது. உள்ளே ஒரு விரிப்பும் நனையவில்லை.

"சுப்ஹானல்லாஹ்," என்றார் சாயிரா பானு.

கைப்பிடிக்கு வெளியே கையை நீட்டினார். மழை உள்ளங்கையில் வந்து குதித்தது.

"எங்க ஃபிளாட்ல ஒரு சொட்டு ஒழுகினா டவுன் கவுன்சிலுக்கு போன் போட்டு ஒரு வழி பண்ணிடுவேன்," என்றார் யாரையும் பார்க்காமல். "இங்க மொத்த மழையும் வீட்டுக்குள்ள வருது. நான் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

அர்ஃபான் தாயை இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. அத்தா போன பிறகு ஓய்வு என்பதையே மறந்த முகம், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் முகமாக மாறியிருந்தது.

நல்ல மனசோடுதான் சாயிரா பானு அந்த வார்த்தையைச் சொன்னார்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இத வாடகைக்கு மட்டும் விட்டுடாதீங்க. வர்றவன் அந்தச் சுவத்துல ஆணியடிப்பான்."

ஜலாலுதீன் வாய்விட்டுச் சிரித்தார். "வாடகையா? என்ன தங்கச்சி, உங்க மகன் வீட்ட நான் எப்படி வாடகைக்கு விடுவேன்?"

"எம் மகன் வீடா?"

"பின்ன? மாப்பிள்ளை, இங்க வாங்க." அவர் ஹாலுக்குப் போய்த் தட்டோடு வந்தார். "நிக்காஹ் அன்னிக்கு ராத்திரிலேர்ந்து நீங்க இங்கதான். பிஸ்மி சொல்லி எடுத்துக்குங்க."

அர்ஃபான் தட்டைப் பார்த்தான், நஸீஹாவைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். கையை மட்டும் நீட்டவில்லை.

"நீ சொல்லவே இல்லையே?" என்றான் மெல்ல.

"நீங்க கேக்கவே இல்லையே?" என்றாள் நஸீஹா. அவள் முகம் வெளுத்துவிட்டது.

சாயிரா பானு மழையில் நனைந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே," என்றார் சாயிரா பானு. குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "செங்காங்ல நான் பெரிய ரூமுக்குப் பெயின்ட் அடிச்சிருக்கேன். அலமாரி சொல்லியிருக்கேன். எங்க தென்காசிப் பக்கம் பொண்ணுதான் மாப்பிள்ளை வீட்டுக்கு வரும். நானே அப்படி வந்தவதான்."

"எங்க காயல்ல மாப்பிள்ளைதான் வருவார் தங்கச்சி. நானே எம் பொண்டாட்டி வீட்டுக்குப் போனவன். வீடு கொடுக்காம மகளக் கட்டிக் கொடுத்தா ஊர்ல என்னை ஒரு வாப்பாவா மதிக்க மாட்டாங்க."

"மகன அனுப்பிட்டுத் தனியா உக்காந்தா என்னை எங்க ஊர்ல என்னன்னு மதிப்பாங்க?"

அர்ஃபான் குறுக்கே வந்தான். "நாங்க ரெண்டு பேரும் வேணா தனியா ஒரு பி.டி.ஓ. அரசாங்க ஃபிளாட்டுக்கு எழுதிப் போட்டு..."

"நீ சும்மா இரு!" என்றார் சாயிரா பானு.

"நீங்க கொஞ்சம் இருங்க மாப்பிள்ளை," என்றார் ஜலாலுதீன். அன்று பெரியவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

சம்சுன்னிசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சாயிரா பானுவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சி, எதுக்கு இந்தப் பேச்சு? மேல ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. நீங்களும் இங்கயே வந்துடுங்க."

சாயிரா பானு கையை உதறவில்லை. தட்டிக்கொடுத்தார்.

"மைனி, மகன் மாமியா வீட்டுக்குப் போனா அது உங்க ஊரு வழக்கம். தாயும் பெட்டியத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே போனா, அதுக்கு எந்த ஊர்லயும் வழக்கம் கெடையாது."

ஜலாலுதீன் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பாவம், காலையிலிருந்து துடைத்த கதவுக் கைப்பிடிகள் எல்லாம் அவரைப் பார்த்துப் பளபளத்தன.

சாயிரா பானு மறுபடியும் ஏர்வெல்லுக்குப் போனார். பின்னாலேயே போவதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தவித்துவிட்டு, நஸீஹாவும் போனாள்.

இருவரும் கைப்பிடியில் சாய்ந்து நின்றார்கள். மழைத்தூவல் சாயிரா பானுவின் முக்காட்டில் பொடிப் பொடியாக ஒட்டியிருந்தது.

"உனக்கு எந்த வீடு வேணும்? பொய் சொல்லாம சொல்லு," என்றார்.

நஸீஹா தயங்கினாள். பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. இந்த மனுஷியிடம் அது செல்லாது என்று தெரிந்தது.

"இந்த வீடுதான் மாமி. அந்தச் சுவத்துல ஒவ்வொரு பழமும் என் கைக்குத் தெரியும். தினமும் எழுந்து அதப் பாக்கணும்னு ஆசை." மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஆனா அவர் வேணும். நீங்களும் வேணும். உங்கள அழ வெச்சுட்டு இங்க உக்காந்து மழை பாக்க என்னால முடியாது."

சாயிரா பானு முக்காட்டில் ஒட்டியிருந்த தூவலைத் தட்டிவிட்டார்.

"எனக்கு எதுல கோவம் தெரியுமா?" என்றார். "மட்டமான வீடா இருந்தா நாலு குறை சொல்லிட்டு எம் மகனக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன். அதுக்குத்தான் வந்தேன்னு வெச்சுக்கயேன். இந்த வீட்டப் பாத்துட்டு, 'எம் மகன் இங்க இருக்க வேணாம்'னு சொல்ல எனக்கு வாய் வரல. பெத்த மகன் இப்படி ஒரு எடத்துல கண் முழிக்கணும்னு எந்தத் தாய்க்குத்தான் ஆசை இருக்காது? அதான் நெஞ்சு எரியுது."

நஸீஹா அழுதுவிட்டாள். சாயிரா பானு அவள் கண்ணைத் துடைக்கவில்லை. துடைத்தால் தானும் அழ வேண்டிவரும் என்பது அவருக்குத் தெரியும்.

திரும்பி நடந்து ஹாலுக்கு வந்தார். ஜலாலுதீன் கையிலிருந்த தட்டை வாங்கினார். பச்சை ரிப்பனோடு சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"தங்கச்சி, அது மாப்பிள்ளைக்கு..."

"தெரியும் அண்ணே. எங்கிட்ட இருக்கட்டும்."

பிறகு பையின் இன்னொரு அறையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு புதுச் சாவி வந்தது. சிவப்புக் கயிற்றில் முத்து கோத்திருந்தது. கடையில் வாங்கியதல்ல, அவரே உட்கார்ந்து கோத்தது. அதைத் தட்டில் வைத்து நஸீஹாவிடம் நீட்டினார்.

"இது உனக்குன்னு வெட்டினது. நிக்காஹ் அன்னிக்குத் தரலாம்னு பைக்குள்ளயே வெச்சுச் சுமந்துக்கிட்டு இருந்தேன். நான் உங்க வீட்டப் பாத்துட்டேன். நீ இன்னும் எங்க வீட்டப் பாக்கல."

நஸீஹா இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"கடல்பாசிய ஃபிரிட்ஜ்ல வெச்சுடுங்க மைனி, எளகிடும்," என்று சொல்லிவிட்டு சாயிரா பானு படியிறங்கத் தொடங்கினார். இந்த முறை எந்தப் படியையும் அழுத்திப் பார்க்கவில்லை. கடைசியில் சாவி எதுவும் இல்லாமல் நின்றவன் அர்ஃபான் ஒருத்தன்தான். ஒரு நொடி நஸீஹாவைப் பார்த்தான். குடையை எடுத்துக்கொண்டு தாய்க்குப் பின்னால் ஓடினான்.

ஜன்னல் வழியாக நஸீஹா பார்த்தாள். மழை விட்டுக்கொண்டிருந்தது. நடைபாதை முனையில் சாயிரா பானு நின்று, திரும்பி, அண்ணாந்து ஒருமுறை வீட்டைப் பார்த்தார். அப்புறம்தான் போனார்.

ஜலாலுதீன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கே பெரியவங்களக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பேசி, சாவிய வாங்கிட்டு வந்துடறேன்," என்றார்.

"வேணாம் வாப்பா. அவங்களே கொண்டு வருவாங்க."

"எப்படிச் சொல்றே?"

"மழை பாக்க வருவாங்க."

சம்சுன்னிசா மகளை உற்றுப் பார்த்தார். அவள் சிவப்புக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நஸீஹா, என்னடி யோசிக்கிறே?"

"நாளைக்கு வேலை முடிஞ்சு நேரா செங்காங் போறேன் உம்மா."

ஜலாலுதீன் துள்ளி எழுந்தார். "நிக்காஹுக்கு முன்னாடியா? பொண்ணு தனியா மாப்பிள்ளை வீட்டு வாசல்ல போய் நிக்கிறதா? காயல்ல இல்ல, தென்காசியில இல்ல, எந்த ஊர்ல இருக்கு இப்படி ஒரு வழக்கம்?"

"வாசல்ல எதுக்கு நிக்கணும் வாப்பா?" என்றாள் நஸீஹா. "அதான் சாவி கொடுத்திருக்காங்களே."